மண் விட்டுத்தராத தண்ணீர்

தூத்துக்குடி மாவட்டத்தின் வடக்கே, கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கரிசல். தெற்கே, திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் தேரி எனப்படும் செம்மணல். இரண்டு மண்ணிலும் ஒரே வகைச் செடியை வளர்த்து, பிறகு தண்ணீரை நிறுத்திவிட்டு, தொங்கிய இலை மறுபடி நிமிராமல் போகிற நாளில் மண்ணை அளந்தால் கணக்கு இடிக்கும். நூறு லிட்டர் மணலில் ஐந்து லிட்டர் தண்ணீர் மிஞ்சினாலே அதிகம். நூறு லிட்டர் கரிசலிலோ இருபது லிட்டருக்கு மேல் அப்படியே இருக்கும். அந்த இருபது லிட்டரை மணலில் ஊற்றினால் மணல் அதைத் தாங்காது. ஒரு பகுதி வேருக்குக் கீழே வடிந்து போய்விடும். மணலுக்கு மிதமிஞ்சிய தண்ணீர் கரிசலில் பஞ்சமாகிறது.

ஆகவே மண்ணில் எத்தனை சதவீதம் ஈரம் என்று தெரிந்துகொண்டால் மட்டும் செடியின் கதி தெரிந்துவிடாது. மண் அந்த ஈரத்தை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது, செடி எவ்வளவு பலமாக இழுக்கிறது என்ற இரண்டும் தெரிய வேண்டும். இழுபறியில் செடி தோற்கிற இடத்துக்கு மண்ணியலில் 'நிரந்தர வாடல் நிலை' என்று பெயர். பாடப்புத்தகங்கள் அதற்கு 15 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) என்று ஒரே எண்ணைக் கொடுத்து முடித்துக்கொள்கின்றன. அந்த எண் எப்படி வந்தது, அது செடியைப் பற்றிச் சொல்கிறதா மண்ணைப் பற்றிச் சொல்கிறதா என்பதைப் பல பத்தாண்டுகளாக விவாதித்திருக்கிறார்கள்.

முரணை முதலில் தராசில் வைத்துப் பார்த்தவர்களில் ஒருவர் ஜெர்மானியத் தாவரவியலர் யூலியுஸ் சாக்ஸ். 1859-ல் அவர் புகையிலை நாற்றுகளை வெவ்வேறு மண்ணில் வாடவிட்டார். மக்கும் மணலும் கலந்த மண்ணில் எடைக்கு 12.3 சதவீதம் ஈரம் இருக்கும்போதே நாற்று வாடியது. பசளை மண்ணில் 8 சதவீதத்தில் வாடியது. பருமணலில் 1.5 சதவீதம் வரை தாக்குப்பிடித்தது. ஒரே செடி, மூன்று மண், மூன்று எல்லை.

செடியை மாற்றினால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியை அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த லைமன் பிரிக்ஸும் ஹோமர் ஷான்ட்ஸும் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் மேற்குச் சமவெளிகளில் அப்போது மானாவாரி விவசாயம் பரவிக்கொண்டிருந்தது. வறட்சியைத் தாங்கும் பயிர் என்றால் அது மண்ணிலிருந்து கூடுதலாக ஈரத்தைக் கறக்கிற பயிர் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1912-ல் இருவரும் வெளியிட்ட அறிக்கையில் சுமார் 1,300 சோதனைகள். சோளம், கோதுமை, நெல் என்று பயிரை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். முடிவு யாரும் எதிர்பாராதது: மண்ணுக்கு மண் எல்லை பல மடங்கு மாறியது, செடிக்குச் செடி மாற்றம் அற்பம். நீரில் நிற்கும் நெல்லும் வறண்ட காட்டில் விளையும் சோளமும் கிட்டத்தட்ட ஒரே ஈரத்தில் கைவிரித்தன.

(பிரிக்ஸ் அடிப்படையில் இயற்பியல்காரர். பிறகு அமெரிக்க அளவைகள் நிறுவனத்தின் இயக்குநரானார். அணுகுண்டு சாத்தியமா என்று ஆராய 1939-ல் ரூஸ்வெல்ட் அமைத்த யுரேனியம் குழுவுக்குத் தலைவரும் அவர்தான். வாடிய செடியிலிருந்து யுரேனியத்துக்குப் போன வாழ்க்கை வேறு ஒன்று இருக்குமா என்று தெரியவில்லை.)

மண் ஏன் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது என்பதற்கு வருவோம். மழை நின்று ஓரிரு நாளில் பெரிய இடுக்குகளில் இருந்த தண்ணீர் தன் பாரத்தாலேயே கீழே இறங்கிவிடும். மிஞ்சுவது சிறு துளைகளிலும், துகள்களின் மேல் படலமாகவும் ஒட்டியிருக்கும் தண்ணீர். இந்த நிலையை வயல் கொள்திறன் என்பார்கள். இங்கிருந்து செடி குடிக்க ஆரம்பிக்கிறது. முதலில் பெரிய துளைகள் காலியாகும், பிறகு அதைவிடச் சிறியவை. துளை சிறுக்கச் சிறுக்கத் தண்ணீரின் பரப்பு இழுவிசையால் வரும் பிடி கூடும். படலம் மெலிய மெலியத் துகளின் பிடி இறுகும். முதல் பத்து சதவீதம் சுலபமாக வரும், கடைசிப் பத்து சதவீதத்துக்கு வேர் மல்லுக்கட்ட வேண்டும். இந்தப் பிடியை ஓர் ஆற்றலாக அளக்கலாம் என்று 1907-ல் எழுதியவர் எட்கர் பக்கிங்ஹாம். அவரும் வேளாண்மைத் துறையில் சில வருஷம் இருந்த இயற்பியல்காரர்தான். ஈரத்தின் அளவு, ஈரத்தின் பிடி என்ற இரண்டையும் அவர் பிரித்துக் காட்டியதுதான் இன்றைய மண் இயற்பியலுக்கு அஸ்திவாரம்.

1 பார் என்பது ஏறக்குறைய பத்து மீட்டர் உயரத் தண்ணீர்த் தூணின் அழுத்தம். 15 பார் என்றால் 150 மீட்டர். அந்த அளவு பிடி இருக்கும் மண்ணில் தண்ணீர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கணக்குப் போட்டால், 0.2 மைக்ரானைவிடச் சிறிய துளைகளில். ஒரு மில்லிமீட்டரை ஐயாயிரமாகக் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. வேர்த்தூவியின் குறுக்களவு சுமார் 10 மைக்ரான். பாக்டீரியாவே சுமார் ஒரு மைக்ரான். அந்தத் துளைக்குள் வேரும் நுழையாது, கிருமியும் நுழையாது.

இனி கரிசலின் ரகசியம். கரிசலில் மேலோங்கி இருக்கும் களிமக் குடும்பத்துக்கு ஸ்மெக்டைட் என்று பெயர். தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அது புத்தகத் தாள் போல அடுக்கடுக்கானது. தாள்களுக்கு இடையிலும் தண்ணீர் போய் ஒட்டும். உள்ளும் புறமும் சேர்த்து இந்தக் களிமத்தின் ஒரு கிராமுக்கு 700, 800 சதுர மீட்டர் பரப்பு, அதாவது ஏறக்குறைய 20 சென்ட் நிலம். செவல் மண்ணில் மிகுதியாகக் காணப்படும் கயோலினைட்டுக்கு ஒரு கிராமுக்கு 10, 20 சதுர மீட்டர்தான். அரை சென்ட் தேறினால் பெரிது. பருமணலுக்கு ஒரு சதுர மீட்டர்கூட இல்லை. இத்தனை பரப்பிலும் மெல்லிய படலமாகத் தண்ணீர் ஒட்டினால் நூறு லிட்டருக்கு இருபது லிட்டர் காணாமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு 1998-ல் வெளியிட்ட பாசன வழிகாட்டியில் உள்ள அட்டவணையை வைத்து ஒரு கணக்குப் போடலாம். களிமண்ணில் வயல் கொள்திறன் 32 முதல் 40 சதவீதம், வாடல் நிலை 20 முதல் 24 சதவீதம். நடுவாக 36, 22 என்று வைத்துக்கொண்டால், ஒரு மீட்டர் ஆழ மண்ணில் பயிருக்கு உதவுகிற தண்ணீர் 140 மில்லிமீட்டர். உதவாத தண்ணீர் 220 மில்லிமீட்டர். தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை தருவதே சராசரியாக 440 மில்லிமீட்டர் அளவில்தான், அதில் பாதி. ஏக்கர் கணக்கில் சொன்னால் சுமார் 9 லட்சம் லிட்டர் தண்ணீர் காலடியில் கிடக்கும், பயிர் தொட முடியாது.

அணையில் மதகுக்குக் கீழே கிடக்கும் 'டெட் ஸ்டோரேஜ்' போல என்று இதைச் சொல்லலாம், ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அணையின் அடியில் கிடக்கும் தண்ணீர் தனி இடத்தில் கிடக்கிறது. மண்ணின் இந்தத் தண்ணீரோ ஒவ்வொரு துகளின் மேலும் பரவிக் கிடக்கிறது. மழை வரும்போது முதலில் நிரம்புவதும் அதுதான். கோடையில் வெயில் காய்ந்த கரிசலின் மேல்மண் வாடல் நிலைக்கும் வெகு கீழே இறங்கியிருக்கும். ஒரு சின்ன மழை பெய்தால் அத்தனையும் இந்தப் பழைய கடனுக்கே போகும், விதைக்கு ஒரு சொட்டு மிஞ்சாது. அதே மழை செவலிலும் மணலிலும் பெய்தால் கடன் சீக்கிரம் அடைந்துவிடும், பச்சை தலைகாட்டும். செவலுக்குச் சிறு மழை போதும், கரிசலுக்கு நின்று பெய்ய வேண்டும் என்பது தெற்கத்திச் சம்சாரிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத பாடம். இதையே இஸ்ரேலியச் சூழலியலர் இமானுவேல் நாய்-மெய்ர் 1973-ல் பாலைவனங்களைப் பற்றி எழுதியபோது பொது விதியாகச் சொன்னார். ஆண்டு மழை 300 முதல் 500 மில்லிமீட்டருக்கு இடைப்பட்ட ஏதோ ஓர் எல்லைக்குக் கீழே இருக்கும் நாடுகளில் மணற்பாங்கான மண் செடிகளுக்கு நல்லது. அதற்கு மேல் மழை பெய்யும் இடங்களில் கனத்த மண் நல்லது. ஈரத்தை அதிகம் பிடிக்கும் மண்தான் நல்ல மண் என்ற பொதுவான எண்ணம் மழை குறையும்போது தலைகீழாகிறது.

கனத்த மண் அதிகம் பிடித்தாலும் அதே விகிதத்தில் அதிகம் கொடுப்பதில்லை. அதே அட்டவணையில், மணலில் பயிருக்குக் கிடைப்பது 5 முதல் 11 சதவீதம், களிமண்ணில் 12 முதல் 20. நடுத்தரமான வண்டல் பசளை மண்ணில் 13 முதல் 19. களிமண்ணுக்கு அது சளைக்கவில்லை. பூட்டி வைப்பது மட்டும் குறைவு. கண்மாய்க் கரம்பையை அள்ளி வந்து செவல் காட்டில் அடிப்பதன் லாபம் இங்கே இருக்கிறது. மணற்பாங்கான மண்ணில் கரம்பை கலந்தால் கொள்திறனும் வாடல் நிலையும் இரண்டுமே ஏறும். கொள்திறன் கூடுதலாக ஏறுவதால் இடைவெளி விரியும். ஏற்கெனவே களியாக இருக்கும் காட்டில் அடித்தால் அந்த லாபம் வராது.

இப்போது எண்ணுக்கு வருவோம். 1912-க்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் வாடல் நிலையைக் கண்டுபிடிக்க ஒரே நம்பகமான கருவி சூரியகாந்தி நாற்றுதான். சோதனை நடந்த விதம் இது. ஒரு சிறிய தகர டப்பாவில் சோதிக்க வேண்டிய மண்ணை நிரப்பி, நாற்றை வளர்ப்பார்கள். சில ஜோடி இலைகள் விட்டு, வேர் டப்பா முழுக்கப் பரவியதும் தண்ணீரை நிறுத்துவார்கள். மண்ணின் முகத்திலிருந்து ஆவி போகாதபடி மூடியையும் தண்டைச் சுற்றிய சந்தையும் அடைத்துவிடுவார்கள். இனி தண்ணீர் வெளியேற இலை ஒன்றுதான் வழி. அடி ஜோடி இலைகள் துவண்டதும் டப்பாவை ஈரக்காற்று நிறைந்த இருட்டுப் பெட்டிக்குள் வைப்பார்கள். அங்கே இலையிலிருந்து ஆவி போகாது; வேருக்கு ஒரு ராத்திரி முழுக்க ஓய்வு. காலையில் இலை நிமிர்ந்திருந்தால் மண்ணில் இன்னும் எடுக்கத்தக்க தண்ணீர் இருக்கிறது என்று பொருள்; மறுபடி வெளிச்சத்தில் வைப்பார்கள். நிமிரவில்லை என்றால் டப்பாவைப் பிரித்து, வேரை நீக்கி, மண்ணை எடைபோட்டு, 105 டிகிரி சூட்டில் அடுப்பில் காயவைத்து, மறுபடி எடைபோடுவார்கள். அந்த வித்தியாசம்தான் வாடல் நிலை.

ஒவ்வொரு மண்ணுக்கும் இப்படி வாரக்கணக்கில் செடி வளர்த்துக்கொண்டிருக்க முடியாது. லோரென்சோ ரிச்சர்ட்ஸ் 1941-ல் ஒரு மாற்றுக் கருவியை அறிவித்தார். ஈர மண்ணை ஒரு மெல்லிய சவ்வின் மேல் பரப்பி, மேலிருந்து அழுத்தக் காற்றைச் செலுத்துவது. காற்றைவிடத் தளர்வாக மண் பிடித்திருக்கும் தண்ணீரெல்லாம் சவ்வு வழியே கசிந்து வெளியேறும். அந்தச் சவ்வாக அவர் பயன்படுத்தியது இறைச்சிக் கடைகளில் சாசேஜ் அடைக்கும் செலோஃபேன் உறை. இரண்டு வருஷம் கழித்து, 1943-ல், அவரும் வீவரும் பல மண்களை இந்தக் கருவியிலும் சூரியகாந்தியிலும் சோதித்து ஒப்பிட்டார்கள். 15 வளிமண்டல அழுத்தத்தில் மண்ணில் மிஞ்சிய ஈரமும், சூரியகாந்தி வாடியபோது மிஞ்சிய ஈரமும் நெருங்கி வந்தன. அன்றிலிருந்து செடி ஓய்வு பெற்றுவிட்டது. உலகத்து மண் பரிசோதனைக் கூடங்களில் எல்லாம் 15 பார் அழுத்தமே வாடல் நிலை.

இங்கேதான் ஒரு வாசகர் சந்தேகப்பட வேண்டும். நெல், சோளம், சூரியகாந்தி எல்லாம் ஒரே ஈரத்தில் வாடுகின்றன என்றால், எல்லாச் செடிகளின் பலமும் ஒன்றுதானா?

இல்லை. இலைச் செல்லுக்குள் இருக்கும் சாற்றின் செறிவுதான் செடியின் இழுக்கும் திறனுக்கு எல்லை போடுகிறது. அந்த எல்லை பல பயிர்களில் 10 முதல் 20 பாருக்குள் இருக்கும், சிலவற்றில் அதையும் தாண்டும். வித்தியாசம் இரண்டு மடங்கு; சிறிதல்ல. ஆனால் மண்ணின் பக்கம் பாருங்கள். ஈரத்தைப் படுக்கைக் கோட்டிலும் பிடியைச் செங்குத்துக் கோட்டிலும் வைத்து வரைந்தால், ஈரம் உள்ள வரை கோடு சமதளமாகப் போகும். வாடல் நிலையை நெருங்கியதும் சுவர் போல மேலே ஏறும். அந்த இடத்தில் பிடி 10 பாரிலிருந்து 20 பாராக ஏறினாலும் ஈரம் பெரும்பாலும் ஒன்றிரண்டு சதவீதம்தான் குறையும். ஒரு செடி 12 பாரில் தோற்கட்டும், இன்னொன்று 19 பார் வரை போராடட்டும். மண்ணை எடைபோடுகிறவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். பிரிக்ஸும் ஷான்ட்ஸும் கண்டது செடிகளின் ஒற்றுமை அல்ல, மண்ணின் வளைகோடு செங்குத்தாக இருப்பதன் விளைவு. 1957-ல் இதை அழுத்தமாக வாதிட்டவர் ஆஸ்திரேலியாவின் ரால்ஃப் ஸ்லேட்டியர். தக்காளி, பருத்தி, பிரிவெட் என்ற வேலிச்செடி மூன்றையும் சோதித்து, ஒவ்வொன்றும் வெவ்வேறு பிடியில் வாடுவதைக் காட்டினார். வாடல் நிலை மண்ணின் குணம் அல்ல, செடியின் குணம் என்பது அவர் கட்சி. அவர் சொன்னதுதான் சரி என்று நான் நினைக்கிறேன். ஆனால் ரிச்சர்ட்ஸின் 15 பார் இன்றும் பிழைத்திருப்பதற்கும் அதே செங்குத்துச் சுவர்தான் காரணம். எண் கொஞ்சம் தப்பாக இருந்தாலும் ஈரக் கணக்கு கெடாது. தப்பைப் பொறுத்துக்கொள்ளும் எண் தப்பிப் பிழைக்கும்.

இலைக்குள் இருக்கும் இழுவிசையை நேரடியாக அளக்க வழி வந்தது 1965-ல். பெர் ஷோலாண்டரும் சகாக்களும் வெட்டிய கிளையை ஓர் உருளைக்குள் வைத்து, தண்டு முனையை வெளியே நீட்டி, வெட்டுவாயில் சாறு எட்டிப்பார்க்கும் வரை உள்ளே அழுத்தத்தை ஏற்றினார்கள். உயரமான மரத்தின் உச்சிக்கிளை வேண்டும் என்றபோது துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார்கள். அலையாத்தி மரங்களிலும் பாலைப் புதர்களிலும் 15 பாரைப் பல மடங்கு தாண்டிய இழுவிசை கிடைத்தது. வட அமெரிக்கப் பாலைவனத்தின் கிரியோசோட் புதர் 50 பாருக்கு மேலும் ஒளிச்சேர்க்கையைத் தொடரும். அதற்கு 15 பார் மண் தாராளமான மண்.

செடியும் மண்ணும் போக மூன்றாவது கட்சி ஒன்று உண்டு: அன்றைய வானம். 1962-ல் அமெரிக்காவின் அயோவாவில் டென்மீட், ஷா இருவரும் தொட்டிகளில் மக்காச்சோளம் வளர்த்து, நாளுக்கு நாள் அது ஆவியாக்கும் தண்ணீரை எடைபோட்டார்கள். வானம் மூடிய, ஈரக்காற்று அடித்த நாளில், ஆவியாதல் 1.4 மில்லிமீட்டர் அளவில் இருந்தபோது, மண்ணின் பிடி 12 பாரை எட்டும் வரை செடி சங்கடப்படவில்லை. வெயிலும் வறண்ட காற்றுமாக ஆவியாதல் 6 மில்லிமீட்டரைத் தாண்டிய நாளில் 0.3 பாரிலேயே துவண்டது. 0.3 பார் என்றால் வயல் கொள்திறன். பாடப்புத்தகப்படி நிறைந்த ஈரம்!

இது எப்படி? மண்ணில் தண்ணீர் இருப்பது வேறு, அது வேர் வரை வந்து சேர்வது வேறு. மண் காயக் காயத் துளைகளில் காற்று புகுந்து, தண்ணீர் போகும் பாதைகள் அறுபடும். கொள்திறனிலிருந்து வாடல் நிலைக்கு வருவதற்குள் மண்ணின் கடத்தும் திறன் ஆயிரம், பல்லாயிரம் மடங்கு விழுந்துவிடும். வேர் பக்கத்தில் இருப்பதைக் குடித்து முடிக்கும். ஒரு சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் ஈரம் வந்து சேர நேரம் எடுக்கும். வேரைச் சுற்றி ஓர் உலர்ந்த உறை உருவாகும். இதை 1960-ல் கணக்காக எழுதிக் காட்டியவர் வில்ஃபோர்ட் கார்ட்னர். நடுப்பகலில் பூசணி இலையும் வாழை இலையும் துவண்டு, சாயங்காலம் நிமிர்வது இதனால்தான். வெயில் தாழ்ந்ததும் தேவை குறைகிறது, வரத்து எட்டிப்பிடித்துவிடுகிறது. தற்காலிக வாடலுக்குத் தண்ணீர் பாய்ச்ச ஓட வேண்டியதில்லை. விடிகாலையில் போய்ப் பாருங்கள். அப்போதும் துவண்டிருந்தால்தான் விஷயம் முற்றியிருக்கிறது.

காற்றின் இழுவையை எண்ணில் வைத்தால் திகைப்பாக இருக்கும். ஈரப்பதம் 50 சதவீதம் உள்ள சாதாரணப் பகல் காற்றின் இழுவிசை 900 பாருக்கு மேல். ஒரு பக்கம் 15 பார் பிடியோடு மண், இன்னொரு பக்கம் 900 பார் இழுப்போடு காற்று, நடுவில் செடி. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதன் கையில் இருக்கும் முக்கிய வசதி இலைத்துளைகளை மூடுவதுதான். மூடினால் கரியமில வாயு உள்ளே வராது, வளர்ச்சி நிற்கும். இன்னொன்று: வாடல் நிலையை எட்டிய மண்ணின் துளைகளுக்குள் காற்றின் ஈரப்பதம் 99 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கரிசலைத் தோண்டிக் கையில் எடுத்தால் குளுமையாக இருக்கும். ஈரம் இருக்கிறது என்று கை சொல்லும், கையை நம்ப முடியாது.

நிரந்தர வாடல் என்றாலும் செடி செத்துப்போவதில்லை. தண்ணீர் விட்டால் பெரும்பாலும் எழுந்துகொள்ளும். வாடுவதும் ஒரே கணத்தில் நடப்பதில்லை. அடி இலைகள் முதலில் போகும், நுனி இலைகள் கடைசியில். இடைப்பட்ட காலத்தில் செடி மண்ணிலிருந்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் எடுத்துக்கொண்டேதான் இருக்கும். 1945-ல் ஃபர், ரீவ் இருவரும் கலிபோர்னியா மண்களில் இந்த நெடுக்கத்தை அளந்து, இது ஒரு புள்ளி அல்ல, ஒரு வீச்சு என்று காட்டினார்கள். போதாக்குறைக்கு 15 பார் கருவியின் மேலேயே சந்தேகம் விழுந்திருக்கிறது. களிமண் போன்ற நுண்துகள் மண்கள் அந்த அழுத்தத் தட்டில் பல நாள் இருந்தாலும் சமநிலைக்கு வருவதில்லை, தண்ணீர் முழுக்க வெளியேறுவதில்லை என்று இந்த நூற்றாண்டில் வந்த ஆய்வுகள் காட்டின. அதாவது பழைய அட்டவணைகளில் களிமண்ணின் வாடல் நிலை கொஞ்சம் கூடுதலாகப் பதிவாகியிருக்கலாம். மண்ணின் ஆவியழுத்தத்தைப் பனித்துளி படியும் வெப்பநிலையை வைத்து அளக்கும் கருவிகள் இப்போது அந்த வேலையைச் செய்கின்றன.

விவசாயிக்கு இந்த எல்லையால் என்ன பயன்? கலிபோர்னியாவின் டேவிஸில் இருந்த வீமயரும் ஹென்ட்ரிக்சனும் பழத்தோட்டங்களில் பல வருஷம் அளந்துவிட்டு, கொள்திறனுக்கும் வாடல் நிலைக்கும் நடுவில் உள்ள தண்ணீர் எல்லாம் செடிக்கு ஒன்றுதான், கடைசிச் சொட்டு வரை ஒரே சுலபம் என்று அடித்துச் சொன்னார்கள். ஆழ வேர் விட்ட மரங்களில் அது ஓரளவு உண்மைபோலத் தெரிந்திருக்கும். ஆனால் பயிருக்கு அது ஒத்துவராது. 1970-ல் ஜான் பாயர் மக்காச்சோளம், சோயா, சூரியகாந்தி மூன்றிலும் அளந்தபோது, இலையின் இழுவிசை 4 பாரை எட்டியதுமே இலை விரியும் வேகம் கால்பங்குக்குக் குறைந்துவிட்டது. 15 பார் வரை தெம்பாக நிற்பதாகக் கருதப்பட்ட அதே சூரியகாந்தி! துவளாமல் நிற்பதும் வளர்வதும் ஒன்றல்ல. இலை தொங்குவதைப் பார்த்துத் தண்ணீர் பாய்ச்சினால் மகசூலில் ஒரு பங்கு அதற்கு முன்னாலேயே போயிருக்கும்.

ஆகவே பாசன வழிகாட்டிகள் வாடல் நிலையைக் கணக்கின் அடிமட்டமாக வைத்துக்கொண்டு, அதற்கு வெகு மேலே ஒரு கோடு போடுகின்றன. கொள்திறனிலிருந்து வாடல் நிலை வரை உள்ள தண்ணீரில் எவ்வளவு தீர்ந்ததும் பாய்ச்ச வேண்டும் என்பது பயிருக்குப் பயிர் மாறும். வெங்காயத்துக்கு 30 சதவீதம், வாழைக்கு 35, தக்காளிக்கு 40, சோளத்துக்கு 55, பருத்திக்கும் கரும்புக்கும் 65. இவை நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாதலுக்கான எண்கள். வெயில் ஏறி 8 மில்லிமீட்டர் ஆனால் ஒவ்வொன்றிலும் 12 சதவீதம் கழிக்கச் சொல்கிறது அதே வழிகாட்டி. வெங்காயத்துக்கு 18-லேயே மடை திறக்க வேண்டும். அயோவாவின் மேகமூட்டமும் வெயிலும் இப்படித்தான் அட்டவணைக்குள் வந்து உட்கார்ந்தன.

உவர் நிலத்தில் இந்தக் கணக்கெல்லாம் இன்னும் இறுகும். உப்புக் கரைசலின் மின்கடத்துத்திறன் ஒரு மீட்டருக்கு ஒரு டெசிசீமன்ஸ் ஏறினால் சுமார் 0.36 பார் கூடுதல் பிடி. மண் காயும்போது தண்ணீர் குறையும், உப்பு அப்படியே இருக்கும். பாதித் தண்ணீர் போனால் உப்பின் பிடி இரட்டிக்கும். வரப்போரம் ஈரம் கசிந்துகொண்டிருக்கும் உவர்க்காட்டில் பயிர் தாகத்தில் நிற்பது இப்படித்தான்.

பிடியை வயலிலேயே அளக்கும் டென்சியோமீட்டருக்கு ஒரு குறை உண்டு: 0.8 பாருக்கு மேல் அதற்குள் இருக்கும் தண்ணீர்த் தம்பத்தில் காற்றுக்குமிழ் புகுந்துவிடும், 15 பாரை அதனால் கனவிலும் எட்ட முடியாது. ஆனால் காய்கறிக்கும் வாழைக்கும் பாய்ச்ச வேண்டிய நேரம் பெரும்பாலும் அந்த 0.8-க்குள்ளேயே வந்துவிடுவதால் குறை பெரிதாகத் தெரிவதில்லை. கோயம்புத்தூரில் உள்ள கரும்பு இனப்பெருக்க நிறுவனம் இன்னும் எளிய கருவி ஒன்றை உருவாக்கியிருக்கிறது. இரண்டு கம்பிகளை மண்ணில் குத்தினால் விளக்கு எரியும்: ஈரம் தாராளம் என்றால் நீலம், போதும் என்றால் பச்சை, குறைகிறது என்றால் ஆரஞ்சு, உடனே பாய்ச்சு என்றால் சிவப்பு. எண் தெரிய வேண்டியதில்லை. எங்கே குத்துகிறோம் என்பது மட்டும் முக்கியம். வெங்காய வேர் ஓரடி, இரண்டடி ஆழத்தைத் தாண்டுவது அரிது. மேல் மண்ணில் சிவப்பு எரிந்தால் அவசரம். பருத்தி வேர் ஒரு மீட்டருக்கும் கீழே போகும். கரிசலில் மேல் அரையடி வெடித்து வாடல் நிலையைத் தாண்டிக் காய்ந்திருக்கும்போதும், அடியில் இறங்கிய ஐப்பசி மழையைக் குடித்துக்கொண்டு தை மாதம் வரை பருத்தி நிற்கும்.